ஷரோல்தாவின் மரமும் நாற்பத்தொரு சென்ட் பாட்டில்களும்

பொதோர் ஷரோல்தா கடைக்குள் காலெடுத்து வைத்தாலே தனியாளாகக் கடை நடத்தும் இர்மாவின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்பில் வாத்து வேகவைக்கிற மெல்லிய பை இருக்கிறதே, அதை மேற்கு ஹங்கேரியின் கிஷ்பெரெக் கிராமத்தில் ஒரு குடும்பம் வருஷத்துக்கு இரண்டு வாங்கினால் அதுவே பெரிது. இந்தப் பெண் ஒரே தடவையில் அறுபது வாங்குவாள்.

"இத்தனை வாத்தையும் யாரு தின்றது? புருஷனா?"

"புருஷன் இல்லக்கா. மரம்."

"மரம் வாத்து தின்னுமா?"

"தின்னாது. கிளையில மாட்டி விடணும். அது விடற மூச்சைப் புடிக்கணும்."

இர்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், மரத்துக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள், டாக்டராம். மறுநாளே இரண்டு பேர் முதுகுவலியோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தான் இன்னும் டாக்டர் ஆகவில்லை, ஆகிவிட்டாலும் முதுகு பார்க்கிற டாக்டர் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். முதுகுவலிக்காரர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஷரோல்தாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இவள் மட்டும் வனவியல் படித்து, அதற்கு மேலும் படித்து, கடைசியில் ஒரு பூச்சியிடம் வந்து மாட்டிக்கொண்டாள். ஒரு அரிசி நீளம்கூட இல்லாத அந்துப்பூச்சி அது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தெற்கிலிருந்து லாரிகளில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது, வந்ததோடு நாடு முழுவதும் இருந்த காட்டுக் கஷ்கொட்டை மரங்களைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டிக்கொண்டு உள்ளேயே வாழும். ஜூலை மாதம் பார்த்தால் மரம் அடுப்பில் தவறவிட்ட அப்பளம் மாதிரி பழுப்பேறி நிற்கும்.

கிஷ்பெரெக்கில் தேவாலயத்து மரம் அப்படித்தான் நின்றது. பள்ளிக்கூடத்து மரமும் அப்படித்தான். ஆனால் பாலின்ட் நடத்தும் மதுக்கடை வாசலில் ஒரு மரம் செப்டம்பர் வரை பச்சைப் பசேலென்று நின்றது. இலைக்கு நாற்பது சுரங்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தாறு இருந்தால் அதிகம். புழுக்கள் முட்டையிலிருந்து வரும், இரண்டு வாய் தின்னும், செத்துப்போகும். மரம் ஏதோ ஒரு மருந்தைத் தானே தயாரித்து அந்நியப் பூச்சியைக் கொல்கிறது என்று அர்த்தம். அது என்ன மருந்து என்று கண்டுபிடிப்பதுதான் ஷரோல்தாவின் முனைவர் பட்டம்.

வேலை இதுதான். ஏணி போட்டு ஏறி, இளம் இலைகளோடு இருக்கும் கிளையை வாத்துப் பைக்குள் விட்டுக் கட்டவேண்டும். சின்னப் பம்ப் ஒன்று பைக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அனுப்பும். குழாயில் கரித்தூள். மரம் விட்ட வாசனை எல்லாம் கரியில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் அதைக் கருவிக்குள் செலுத்தினால், எந்தெந்த வாசனை எவ்வளவு என்று மலைமலையாகக் கோடு வரையும்.

ஏணி வென்ட்செலுடையது. அவர் கூரை ஓடு வேய்கிறவர், ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற மனிதர். மூன்று வசந்தங்களாக அவள் மேலே ஏறும்போதெல்லாம் கீழே நின்று ஏணியைப் பிடித்தார். என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் அதைப் பெரிய குணமாக நினைத்து மகிழ்ந்தாள்.

மூன்று வசந்தமும் கருவி ஒரே பதிலைத்தான் சொன்னது. மதுக்கடை மரம் வாசனை விடுகிறது. பூக்களில் இருக்கிற லினலூல் என்ற வாசனை, அதன் தங்கை தம்பிகள், எல்லாம் கொட்டிக் கிடந்தன. அதிலும் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை உச்சத்தில் இருக்கும், பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கும். அந்துப்பூச்சி மண்ணிலிருந்து கிளம்புகிற நேரமும் அதுதான். மரம் நாள் பார்த்து, நேரம் பார்த்து அடிக்கிறது. மற்ற இரண்டு மரங்களில் ஒரு துளி வாசனை கிடையாது.

அவளுடைய பேராசிரியர் ஹைனால் கெதெயோனுக்குத் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதினார்கள், அச்சாயிற்று. அவர் வானொலிக்குப் போய், தனக்குத் தானே சென்ட் பூசிக்கொள்ளும் மரம் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தார். கோடுகளின் ஓரத்தில் ஒரு சின்ன மலை மட்டும் பெயர் தெரியாமல் நின்றது. ஷரோல்தா அதற்கு 'அடையாளம் தெரியாதது, பதினான்கு' என்று பெயர் வைத்தாள். எல்லோருடைய தரவிலும் இப்படி ஒன்றிரண்டு அநாதைகள் இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

நான்காவது வசந்தத்தில் அவள் செவ்வாய் வரை பொறுக்காமல் ஈஸ்டர் திங்கட்கிழமையே வந்தாள். அந்த வருஷம் ஈஸ்டர் தாமதம், மொட்டுகள் முந்திக்கொண்டுவிட்டன.

ஈஸ்டர் திங்கள் என்றால் ஆண்கள் கையில் சென்ட் பாட்டிலோடு வீடு வீடாகப் போவார்கள். கதவைத் தட்டி, இரண்டு வரி பாட்டுச் சொல்லி, அந்த வீட்டுப் பெண்கள் தலையில் சென்ட் தெளிக்கவேண்டும். தெளிக்காவிட்டால் பெண் வாடிப்போவாள் என்று கணக்கு. பதிலுக்குச் சிவப்பு முட்டையும் ஹாமும் ஒரு வாய் பிளம் சாராயமும் கிடைக்கும். எந்த ஊரிலும் உள்ளதுதான், ஷரோல்தாவும் வருஷா வருஷம் வீட்டில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தவள்தான். அதனால்தானே செவ்வாயன்று மூன்று முறை தலைக்குக் குளித்துவிட்டு மரத்தின் பக்கம் வருவாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கிஷ்பெரெக்கில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாதது.

மதுக்கடை வாசலில் நாற்பத்தொரு ஆண்கள் வரிசையாக நின்றார்கள், கோட்டும் தொப்பியுமாக. ஒவ்வொருவராக மரத்தடிக்குப் போனார்கள், பாட்டிலைத் திறந்து மிச்சமிருந்த சென்டை அடிமரத்தில் ஊற்றினார்கள், கடைசிச் சொட்டைத் தாழ்ந்த கிளையின் இளம் இலைகள்மேல் உதறினார்கள். பாலின்ட் கடைவாசலில் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் ஷரோல்தா.

வரிசை முழுவதும் திரும்பியது. பாலின்ட்தான் முதலில் சுதாரித்தார்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. மரத்துக்கும் ஈஸ்டர்தானே."

"எத்தனை வருஷமா?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து."

"ஏன்?"

எல்லோரும் தொப்பிகளைச் சரிசெய்தார்கள். கடைசியில் பாலின்ட் குரலைத் தாழ்த்தினார். "மிச்சத்தோட வீட்டுக்குப் போக முடியாதும்மா. பொண்டாட்டிங்க பாட்டிலை வாங்கிப் பாப்பாளுங்க. பாதி இருக்குன்னா பாதி வீட்டுல கதவைத் தொறக்கலன்னு அர்த்தம். இல்ல, காலையிலேர்ந்து என் கடையில உக்காந்திருந்தான்னு அர்த்தம். ரெண்டுல எது நிஜமானாலும் அசிங்கம்தானே."

ஷரோல்தாவின் கண் வரிசையின் கடைசிக்குப் போனது. அங்கே வென்ட்செல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"வென்ட்செல் மாமா, மூணு வருஷமா ஏணி புடிச்சீங்களே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையேம்மா."

"கேட்டேன். மரத்துல யாராவது ஏதாவது தெளிச்சீங்களான்னு முதல் நாளே கேட்டேன். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"பூச்சிமருந்து தெளிச்சீங்களா, சுண்ணாம்பு அடிச்சீங்களா, உரம் போட்டீங்களான்னு கேட்ட," என்றார் வென்ட்செல். "சென்டு மருந்து இல்லையேம்மா."

அவர் சொன்னது சரிதான். நோட்டில் அப்படியேதான் இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்துப் பாலின்ட் உள்ளே ஓடி ஒரு கிளாஸ் பிளம் சாராயம் கொண்டுவந்தார். குடித்தாள். பிறகு நான்கு விதமான காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆய்வகத்தில் முதல் மூன்றிலும் லினலூல். நாலாவது, இர்மா கடையில் விற்கும் மலிவான லைலாக் சென்ட், அதைச் செலுத்தி நாற்பது நிமிஷம் காத்திருந்தபோது கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மலை எழுந்தது. 'அடையாளம் தெரியாதது, பதினான்கு' தன் தாய்வீட்டில் உட்கார்ந்திருந்தது. தொழிற்சாலையில் செய்கிற கஸ்தூரி வாசனை அது. உலகத்தில் எந்த மரமும் அதைச் செய்யாது.

நான்கு வருஷம். அத்தனையும் சென்ட்தான். யோசித்துப் பார்த்தால் அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினான்காம் நம்பர் பதினான்காம் நம்பராகவே இருந்துவிட்டுப் போகட்டும். நாற்பத்தொரு ஆண்கள் செத்தாலும் சொல்லமாட்டார்கள், சொன்னால் அவர்கள் மானம் போகும். ஜூன் மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தால் இலையுதிர் காலத்தில் டாக்டர். ஒரு முழு வாரம் இந்த யோசனையோடு குடித்தனம் நடத்தினாள். அதற்குப் பிறகு தன் சுவரில் மாட்டியிருந்த அந்த மரத்தின் படத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஹைனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"நாப்பத்தொரு ஆம்பளைங்களுக்கு, சார்."

"பொம்பளைங்களுக்கு?"

"இனிமே தெரியும்."

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறோம்னு நீ எழுது. ரேடியோவுக்கு நானே போன் பண்றேன். அதுதான் ரொம்ப கஷ்டம்."

ஆனால் மரம் பச்சையாகத்தானே நிற்கிறது. புழு சாகத்தானே செய்கிறது. ஈஸ்டருக்கு ஒருநாள் ஊற்றுகிற சென்ட்டுக்கு ஆகஸ்ட் மாதத்துப் புழுவைக் கொல்லும் வலு கிடையாது. அப்படியானால் உண்மையான மருந்து வேறு ஏதோ இருக்கிறது, இலைக்குள்ளே. அதைச் சொல்லவேண்டுமென்றால் முதலில் மரத்தைச் சென்ட் இல்லாமல் ஒரு வசந்தம் முழுக்கப் பார்க்கவேண்டும். அவள் கிஷ்பெரெக்குக்குத் திரும்பி, மதுக்கடையில் ஆண்களைக் கூட்டினாள்.

"அடுத்த ஈஸ்டருக்கு மரத்துல யாரும் ஊத்தக் கூடாது," என்றாள். "ஊத்தலன்னு நான் நிரூபிக்கணும். ஆளுக்கு ஒரு புது பாட்டில், நூறு மில்லி. சாயந்தரம் இங்க கொண்டாங்க. மிச்சத்தை நான் அளந்து எழுதிக்கறேன். எத்தனை வீட்டுல தெளிச்சீங்கன்னும் சொல்லணும்."

கிளாஸ்கள் மேஜைமேல் இறங்கின.

"அளந்துட்டு?" என்றார் பாலின்ட்.

"அளந்துட்டு பாட்டிலை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"மிச்சத்தோடயா?"

"மிச்சத்தோட."

"டாக்டரம்மா, எம்பொண்டாட்டியை உங்களுக்குத் தெரியாது."

"நோட்டுல பேரு இருக்காது. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், அவ்வளவுதான். எந்த நம்பர் யாருன்னு என் வாயிலேர்ந்து வராது. சத்தியம்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு வருஷப் படிப்பைத் தாங்கள்தான் மரத்தடியில் ஊற்றிக் கெடுத்தோம் என்பது அவர்கள் எல்லோருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வென்ட்செல்தான் முதலில் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கைகளும் எழுந்தன.

அடுத்த வருஷம் ஈஸ்டர் திங்கள் சாயந்தரம் மதுக்கடை ஜன்னல்களுக்கு வெளியே ஊர்ப்பெண்கள் கூட்டமாக நின்றார்கள், எதேச்சையாக வந்தவர்களைப் போல. உள்ளே ஷரோல்தா அளவுக் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு மில்லி மிச்சம், பதினோரு வீடு. முப்பது மில்லி, பதினாறு வீடு. ஊரெல்லாம் தன்னைத்தான் எதிர்பார்க்கிறது என்று பீற்றிக்கொள்ளும் ஒருவரிடம் தொண்ணூறு மில்லி இருந்தது, இரண்டு வீடு. அவர் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு வெளியேறினார். சிலர் வீட்டில் அன்றைக்குச் சண்டை நடந்தது. இன்னும் சிலர் வீட்டில், அடடா, என் மனுஷன் இவ்வளவு நேரமும் யாரோடும் இல்லாமல் கடையில்தான் இருந்தானா என்று மனைவிமார் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வென்ட்செல் பதினேழாவதாக வந்தார். பாட்டிலை மேஜைமேல் வைத்தார். மூடியின் சீல் உடையவில்லை.

"அளக்கணுமா?" என்றார்.

ஷரோல்தா அவரைப் பார்த்தாள். "வேணாம் மாமா," என்று சொல்லிவிட்டு எழுதினாள்: பதினேழு, நூறு மில்லி, சீல் உடையவில்லை, வீடு பூஜ்யம்.

மறுநாள் வாத்துப் பைகளில் பிடித்த காற்றைக் கருவி வெறும் சமவெளியாக வரைந்தது. லினலூல் இல்லை, கஸ்தூரி இல்லை. மரத்துக்கு வாசனையே கிடையாது. அந்தக் கோடையிலும் அது பச்சையாகவே நின்றது. இலைக்குள்ளே பார்த்தால், மற்ற மரங்களைவிட மூன்று பங்கு கசப்பு. வாசனையும் இல்லை, மந்திரமும் இல்லை, வெறும் கசப்பு. வானொலிக்குச் சொல்ல லாயக்கில்லாத உண்மை, ஆனாலும் உண்மை. ஷரோல்தா அதை எழுதினாள். நவம்பரில், ஓட்டுப் போடும் ஏழு தேர்வாளர்கள் முன்னால், பொதுச் சபையில் அவள் தன் ஆய்வேட்டுக்காக வாதாடவேண்டும் என்று தேதி குறித்தார்கள்.

கிஷ்பெரெக் ஒரு பஸ் பிடித்து வந்தது. அன்று ஒரு ஆண்கூட சென்ட் போட்டுக்கொள்ளவில்லை, பயம். இர்மா மூன்றாவது வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்தாள். வென்ட்செல் கடைசி வரிசையில், கதவருகே.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தேர்வாளர் கெலெமென் ஆரங்கா பக்கம் புரட்டும் வரை. அந்த அம்மாள் வேதியியல் பேராசிரியை. ஒரு புன்சிரிப்புக்குக்கூட ஆதாரம் கேட்கிறவர் என்று பெயர்.

"உங்க ஏடு மொத்தமும் ஒரே ஒரு வசந்தத்து மேல நிக்குது," என்றார். "அந்த வசந்தம் சுத்தமா இருந்துச்சுங்கறதுக்கு உங்ககிட்ட இருக்கறது இந்த அட்டவணை ஒண்ணுதான். இல்லையா?"

"ஆமாம்மா."

"பதினேழாம் நம்பர். முழு நூறு மில்லி, சீல் உடையல, வீடு பூஜ்யம். பாட்டே சொல்லத் தெரியாத ஆளா இருந்தாலும், ஒரு வீட்டுக்குக்கூடப் போகாம இருப்பானா? முதல் பாட்டிலை மரத்துல ஊத்திட்டு, புதுசா ஒண்ணு வாங்கி உங்க மேஜையில வெச்சிருக்கலாம். அப்படின்னா உங்க வசந்தமும் சுத்தம் இல்ல. முந்தின வருஷங்க மாதிரிதான் இதுவும்."

"அப்படி இல்லம்மா. எனக்கு அந்த மனுஷரைத் தெரியும்."

"யாரு?"

"சொல்ல முடியாது. வாக்கு குடுத்திருக்கேன்."

"அப்போ நான் எப்படி நம்பறது?" கெலெமென் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு இது புரியாதா? இந்த ஒரு வரி தப்பா இருந்தா, நான் எதிரா ஓட்டுப் போடணும். மத்தவங்களும் போடுவாங்க."

ஷரோல்தா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷமும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினாலே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

"சொல்ல மாட்டேன்மா," என்றாள்.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"பதினேழு நான்தாங்க," என்றார் வென்ட்செல். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஒரு பாட்டில்தான் வாங்கினேன். போகாம இல்ல. போனேன். ஒரு வாசல் வரைக்கும் போனேன். மணி அடிக்கல."

கிஷ்பெரெக் ஆண்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிக்கணும், கேட்டுத்தான் ஆகணும்," என்றார் கெலெமென். முன்பைவிட மெதுவாக. "அதை யாராவது பாத்தாங்களா?"

வென்ட்செல் வாயைத் திறந்தார்.

"நான் பாத்தேன்," என்றாள் இர்மா. அவள் எழுந்திருக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. "பாட்டில் என் கடையில வாங்கினது. ஒண்ணுதான் வாங்கினான். வாசலும் என் வாசல்தான். திரைக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். பாட்டிலோட வந்தான், நின்னான், பாட்டிலோட போனான்."

கைப்பையின் வாரை ஒருதரம் சரிசெய்துகொண்டாள்.

"வருஷா வருஷம் அப்படித்தான்."

கெலெமென் ஆரங்கா அந்த வரிக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். தனக்கு வேறு கேள்வி இல்லை என்றார்.

ஏழு ஓட்டில் ஆறு ஆதரவு, ஒன்று எதிர். யாருடையது அந்த ஒன்று என்று இன்றுவரை தெரியாது, கெலெமெனுடையது இல்லை என்பது மட்டும் தெரியும். முடிவைப் படித்தபோது கிஷ்பெரெக் எழுந்து நின்று கைதட்டியது. ஷரோல்தா அப்போதுதான் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். கதவருகே நாற்காலி காலியாக இருந்தது, மூன்றாவது வரிசையிலும் ஒன்று காலியாக இருந்தது.